காய்ப்பு

ஸ்டூடியோக்காரனுக்கு ஊரில் ஒரு விசேஷ அனுமதி உண்டு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த கிழவர், சாமத்தியப் பிள்ளை, மாலையும் கழுத்துமாக நிற்கிற சோடி, ஆராயிருந்தாலும் இரண்டு விரலை நாடிக்குக் கீழே கொடுத்து முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பலாம். தோளைப் பிடித்து நிமிர்த்தலாம். பெற்ற தாய் பக்கத்தில் நின்றாலும் ஒரு சொல் சொல்லமாட்டாள். அப்படி எத்தனை முகங்களைத் திருப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரேயொரு மனிதரை மட்டும் நான் கையால் தொடவில்லை. தடியால் தொட்டேன்.

அவர் பனை சீவுகிறவர். நான் வெள்ளாளன். இவ்வளவு சொன்னதுமே யாழ்ப்பாணத்து வாசகருக்கு மிச்சக் கதை விளங்கிவிடும். சாதித் திமிர் பிடித்தவன் ஒருவன் தாழ்த்தப்பட்ட ஒருவரை அவமதித்த கதை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் அந்த உடம்பை நான் வெறுக்கவில்லை. அதைவிட வடிவான உடம்பொன்றை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. அதைப் படம் எடுக்க ஏங்கினேன், எடுத்தேன், அதனால் பேரும் வாங்கினேன். ரசித்த கண்ணும் தொட மறுத்த கையும் ஒருவனுடையவைதான். அதுதான் நான் சொல்ல வந்தது.

1974. யாழ்ப்பாண நகரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. பகலில் பாஸ்போட் படம், ஞாயிற்றுக்கிழமையில் கலை. கலை என்ற அந்த வருத்தம் எனக்குத் தொற்றியது லயனல் வென்டிடமிருந்து. கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் 1950இல் வெளிவந்த அவருடைய படத் தொகுப்பைப் பார்த்துவிட்டு வந்து சில இரவுகள் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

வென்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1900இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் நீதியரசர். மகன் லண்டனில் சட்டமும் பியானோவும் படித்து வந்து, சட்டத்தை ஒரு மூலையில் போட்டுவிட்டு முதலில் பியானோவையும், முப்பதுகளில் கமராவையும் பிடித்தார். பசில் ரைட் 1934இல் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தில் பின்னணியில் கேட்கிற குரல் அவருடையது. ஜோர்ஜ் கீற் முதலான ஓவியர்கள் சேர்ந்து 1943இல் தொடங்கிய ‘43 குழு’வுக்கு முன்கை எடுத்தவரும் அவர்தான். அடுத்த வருஷம் டிசம்பரில், நாற்பத்து நாலு வயதில் போய்ச்சேர்ந்தார். நெகட்டிவ்கள் அவருக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. பிரிண்டுகள்தான் மிச்சம். கொழும்பு கில்ட்போர்ட் கிறசென்டில் அவருடைய வீடிருந்த வளவில் இன்று அவர் பேரில் அரங்கு நிற்கிறது. நாடகம் பார்க்கப் போகிற பலருக்கு அந்தப் பேருக்குரியவர் ஒரு படப்பிடிப்பாளர் என்பதே தெரியாது.

அவருடைய படங்களில் ஆண்கள் வருகிறார்கள். மீன்பிடிகாரர், வயலில் நிற்பவர், வேலைக்காரப் பொடியன்கள். நனைந்து ஒட்டிய துணி, முதுகுப் பள்ளம், தோளில் விழும் வெயில். அவருக்கு முன்னும் இந்தத் தீவில் உடம்பைப் படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்த வெள்ளைக்கார ஸ்டூடியோக்கள் ‘தமிழ்ப் பெண்’, ‘ரொடியப் பெண்’ என்று கீழே எழுதிப் போஸ்ட்காட் விற்றன. அவற்றில் நிற்பவர் ஒரு இனத்தின் மாதிரித் துண்டு. வென்டின் படத்தில் நிற்பவர் ஒரு ஆள். பார்ப்பவனுடைய மூச்சு அந்தத் தோலில் படுவது தெரியும். அவர் ஆண்களை விரும்பியவர் என்றுதான் இன்று எழுதுகிறார்கள். ஆணோடு ஆண் சேருவதைக் குற்றமாக்கிய 1883ஆம் வருஷத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு அப்போதும் இருந்தது, அவர் போன பின்னும் இருந்தது. தொடுவதற்கு ஆசைப்பட்டவர், வெளியே சொல்ல முடியாமல் வெளிச்சத்தைத் தொடவைத்தார் என்று நான் அந்தப் படங்களை விளங்கிக்கொண்டேன். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் உடம்பு, அவர்களில் அநேகர் பேர் இல்லாமல் நிற்கிறார்கள் என்ற குறையும் உண்டு. அது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், எங்கள் ஊரிலும் அப்படி ஒரு உடம்பு இருக்கிறது என்பதுதான்.

எங்கள் வளவுப் பனைகளில் சீவினவர் அவர். ஐம்பதை எட்டிய வயது. தளநாரைக் காலில் கொழுவி, மரத்தை நெஞ்சோடு அணைத்து, மூச்சு வாங்காமல் போய் வட்டுக்குள் மறைவார். காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், மரம் மரமாக. படம் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது சிரித்தார். “என்னையோ தம்பியார்?” என்றார். நான் அவரை “நீ” என்றுதான் சொன்னேன். எனக்கு வயது இருபத்து நாலு.

மாசி மாதம், விடிந்து சற்று நேரம். மரத்திலிருந்து இறங்கி வந்தவரைப் பனங்கூடலுக்கு நடுவே வெயில் சரிந்து விழுகிற இடத்தில் நிறுத்தினேன். தோல் மின்ன வேண்டும். நல்லெண்ணெய் கொண்டு போயிருந்தேன். போத்தலை அவர் கையில் கொடுக்கவில்லை. நிலத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்கு வந்து “பூசு” என்றேன். அவர் குனிந்து எடுத்தார். அது எங்கள் இருவருக்கும் பழகிப்போன விஷயம், ஒருவர் முகத்திலும் ஒன்றும் மாறவில்லை.

கையிலிருந்தது இரவல் யாஷிக்கா, இரட்டை வில்லைக் கமரா. வயிற்றோடு பிடித்து மேலேயிருந்து குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும். எதிரில் நிற்பவர் கண்ணைச் சந்திக்கத் தேவையில்லை என்பது அந்தக் கமராவின் பெரிய வசதி. சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கி வைத்திருந்த காலம், ஒரு பிலிம் சுருள் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஒன்றையும் வீணாக்க முடியாது. முழங்கை கொஞ்சம் உயர வேண்டும், அப்போதுதான் விலாவில் நிழல் விழும். “உயத்து” என்றேன். கூடிப்போயிற்று. “கீழ.” குறைந்துபோயிற்று. ஸ்டூடியோவில் என்றால் எட்டிப் பிடித்து வைத்துவிடுவேன். கை போயிற்று. பாதி வழியில் நின்றது. வேலியில் சாய்ந்து கிடந்த பூவரசந் தடியை எடுத்து, அதன் நுனியால் அவர் முழங்கையை ஏந்தி, வேண்டிய உயரத்துக்கு வைத்தேன். பிறகு நாடியையும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிய, “கெதியா விடுங்கோ தம்பியார், மற்ற மரங்கள் கிடக்கு” என்றார். காசு கொடுத்தேன். சால்வையை விரித்துப் பிடித்தார், மேலேயிருந்து போட்டேன்.

நான் அந்தக் காலத்தில் முற்போக்கு. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், இரண்டிலும் நான் ஆரின் பக்கம் என்று கேட்டால் போராடியவர்களின் பக்கம். வீட்டில் தகப்பனோடு வாய்த்தர்க்கம் பட்டிருக்கிறேன். டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வெளிவந்த சூட்டோடு படித்தேன். டொமினிக் ஜீவாவின் மல்லிகை இதழை, அவருடைய சலூனுக்கே போய் வாங்குவேன். அந்தக் கடையில் முடி வெட்டுகிறவர்களின் கை என் தலையிலும் கழுத்திலும் நாடியிலும் பட்டிருக்கிறது. சவரக் கத்தி தொண்டையில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கையே எங்கள் வீட்டுக்குள் படியேற விடாத ஒரு மருத்துவிச்சியின் கைதான். எங்கள் தீண்டாமையை வெளியூரார் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். தொடுகையே இல்லாத சமூகமல்ல இது. அவர்கள் கை எங்கள்மேல் வேலைக்காகப் படலாம். எங்கள் கை அவர்களை நோக்கிப் போகக் கூடாது. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. என் வாய் திருந்தியிருந்தது. கை மட்டும் என் அப்பாச்சியுடையதாகவே இருந்தது.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது ஒன்று நன்றாக விழுந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான். வெயில், விலா நிழல், எண்ணெய் மினுக்கம், கழுத்து நரம்பு, எல்லாம் நான் நினைத்தபடி. ஆனால் நெஞ்சில் இரண்டு பக்கமும் கறுத்துத் தடித்த காய்ப்பு. வருஷக்கணக்காகப் பனையை அணைத்து ஏறி இறங்கினவருக்கு மரம் கொடுத்த தடம். முழங்கையின் உட்பக்கத்திலும் இருந்தது. நேரில் பார்த்தபோது அது என் கண்ணில் படவேயில்லை. நெகட்டிவில் உறுத்தியது.

நெகட்டிவுக்குப் பென்சில் போடுகிற வேலையை ஸ்டூடியோவில் ஒரு முதியவர் எனக்குப் பழக்கியிருந்தார். சரிந்த பலகையில் நடுவே ஒரு ஓட்டை, அதில் நெகட்டிவ், கீழே கண்ணாடி வைத்து யன்னல் வெளிச்சத்தை மேலே திருப்புவோம். பென்சில் பிடிப்பதற்காக ஒருவித வார்னிசைத் துணியால் தேய்ப்போம். பென்சில் முனையைக் கத்தியால் சீவி, பிறகு அரத்தாளில் தீட்டி ஊசியாக்க வேண்டும். பிரிண்டில் கறுப்பாக விழுகிற இடம் நெகட்டிவில் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவை மெல்லிய கீற்றுகளால் நிரப்பினால் பிரிண்டில் அது வெளுத்துச் சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துவிடும். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழ் கறுப்பு எல்லாம் இப்படித்தான் போகும். பெரிய நெகட்டிவில் செய்கிற வேலை அது. இதில் அவருடைய நெஞ்சு முழுதுமே என் சுண்டுவிரல் நகத்தளவு. பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கீற்றுக் கீற்றாக, இரண்டு இரவு. அவ்வளவு பொறுமையோடும், இப்போது சொல்லலாம், அவ்வளவு ஆசையோடும் நான் எந்த மனிதரின் நெஞ்சையும் தடவினதில்லை.

காய்ப்பு போய்விட்டது. கடைந்து எடுத்த கருங்கல் மாதிரி வந்தது தோல். கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பன்னிரண்டுக்குப் பதினைந்து பிரிண்ட். தலைப்பு ‘கற்பகதருவின் மைந்தன்’. கீழே என் பேர். நடுவர்களில் ஒருவர் சோழர் சிற்பத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படத்தில் நின்றவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று ஒருகணமும் எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிற்பப் பேச்சு லேசானதல்ல. சிலியின் கவி பாப்லோ நெருடா இளவயதில் கொழும்பில் கொன்சலாக இருந்தவர், வென்டின் நண்பர். அவர் இறந்த பிறகு 1974இல்தான், நான் தடியெடுத்த அதே வருஷம், அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. வாழ்ந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்பதுதான் புத்தகத்தின் பேரே. அதில் வென்டைப் புகழ்கிறார். அதே புத்தகத்தில், வெள்ளவத்தையில் தன் வீட்டு மலக்கூடத்து வாளியை அள்ள வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பற்றியும் எழுதுகிறார். அவளையும் தென்னிந்தியச் சிற்பத்தோடுதான் ஒப்பிடுகிறார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் படுக்கையில் போட்டார். அவள் கடைசிவரை கண் திறந்தபடியே கிடந்தாள். அவள் என்னை வெறுத்தது நியாயம் என்று ஒரு வரியோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது, பிறகு ஒரு கேவலமான ஆறுதல் வந்தது: நான் கை வைக்கவில்லைதானே. அந்த ஆறுதலையும் இங்கே சேர்த்தே எழுதிவைக்கிறேன். அவர் செய்தது வன்புணர்வு, நான் செய்தது அதோடு ஒரு தட்டில் வைக்கக்கூடியதல்ல. ஆனால் எதிரில் நின்ற உயிரைக் கல்லாக்கிக்கொண்ட பிறகுதான் அவரும் தொடங்கினார், நானும் தொடங்கினேன். இன்னொன்று: ஒப்புதல் எழுதுகிறவன் தன் எழுத்தின் நேர்மையில் தானே மயங்கிப்போகிற ஆபத்தையும் அந்தப் பக்கத்தில்தான் கண்டேன். நான் மயங்குகிற இடங்கள் இதிலும் இருக்கும்.

ஜூலியா மாகரெட் கமரனைப் பற்றிப் பின்னாளில்தான் வாசித்தேன். புகைப்படத்தைக் கலையாக்கிய முன்னோடிகளில் ஒருவர். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். இங்கிலாந்தின் வைட் தீவில் எடுத்த படங்களில் எல்லோரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாய் கன்னத்தில் குழந்தையின் கன்னம், ஒருத்தியின் நெற்றியில் இன்னொருத்தியின் உதடு. மேரி ஹில்லியர் என்ற வீட்டுப் பணிப்பெண்தான் அவருக்கு மாதாவாக நின்றவள். ஈரக் கண்ணாடித் தகட்டில் கமரனின் சொந்த விரல் அடையாளமே பதிந்து கிடக்கும். அதை அழிக்காமலே பிரிண்ட் போடுவார், மற்றப் படப்பிடிப்பாளர்கள் அதற்காக அவரை ஏளனம் செய்தார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இருந்தார், 1879இல் இங்கேயே இறந்தார். இங்கே எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நிற்பவர்கள் தோட்டத்துத் தமிழர். பார்த்தால் அதே கண், அதே வெளிச்சம். ஆனால் மேரி ஹில்லியருக்கு இருக்கிற பேர் இவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த அணைப்பும் வரவில்லை, விறைத்துப்போய் நிற்கிறார்கள். மொழி தெரியாத வெள்ளைக்காரச் சீமாட்டி என்று அவருக்கொரு சமாதானம் சொல்லலாம். எனக்கு மொழி தெரியும். என் படத்தில் நின்றவருடைய பேரும் தெரியும், நான் பிறந்த நாளிலிருந்து.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வீதியில் இறங்கியது. நாவற்குழிப் பாலத்தில் ஆர் ஆரின் தோளோடு உரசுகிறார் என்று பார்க்க ஒருவருக்கும் இடமில்லை. மழை. ஒரு கிழவி விழாமலிருக்க என் கையைப் பிடித்தாள், அவள் ஆரென்று கடைசிவரை தெரியாது. இதோடு என் சாதி கரைந்துபோயிற்று என்று எழுதினால் கதை நன்றாக முடியும். தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கின வளவில் இரண்டு கிணறு இருந்தது. எந்தக் கிணற்றில் ஆர் அள்ளுவது என்று மூன்றாம் நாளே ஒரு ஏற்பாடு வந்தது. நான் வாய் திறக்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு எங்கள் பக்கத்துக்கு வந்தது, குடித்தேன்.

அந்த இடப்பெயர்வில் நெகட்டிவ்கள் எல்லாம் போயின. கொழும்பில் தம்பி வீட்டில் தொங்கிய அந்தப் பெரிய பிரிண்ட் மட்டும் தப்பியது. சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு நகரில் பழைய படங்களுக்கு ஒரு சிறு காட்சி வைத்தார்கள். கேட்டார்கள், கொடுத்தேன். காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பின்னேரம் அந்தப் பனை சீவினவருடைய மகள் தேடி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தகப்பன் எண்பதுகளிலேயே தவறிவிட்டார். ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். தகப்பனின் படமென்று வீட்டில் ஒன்றும் இல்லையாம். கதிரையில் இருத்தி, சுவரிலிருந்து இறக்கி அவர் மடியில் வைத்தேன்.

கனநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிச் சட்டத்துக்கு மேலால் நெஞ்சில் விரலை வைத்து, “இதில இரண்டு பக்கமும் காய்ப்பு இருக்கவேணுமே” என்றார். “சின்னனில நாங்கள் அவரின்ர மேல ஏறியிருந்து நகத்தால கீறி விளையாடுவம். அவருக்கு நோகாது. சிரிப்பார்.”

“நான்தான் அழிச்சனான்.”

“ஏன்?”

“வடிவில்லை எண்டு.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அப்ப அழிக்காத படம் ஒண்டும் இல்லையோ?” என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். தடிக் கதையைச் சொன்னேன். “அது அவர் சொன்னவர்” என்றார். இத்தனை காலமும் அவர் அதைக் கவனிக்கவில்லை, பழக்கதோஷத்தில் மறந்திருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படத்தைக் கொண்டுபோங்கோ என்றேன். வேண்டாம் என்றார். “பிள்ளையளுக்குக் காட்டினா இவர்தான் அம்மப்பா எண்டு நம்பிவிடுங்கள்.” எழுந்து போகும்போது வாசலில் நின்று, இதை இனி ஓரிடமும் போட வேண்டாம், எழுதுவதானால் எழுதுங்கோ, தகப்பனின் பேரைப் போடாதேங்கோ என்றார். ஆகையால்தான் இந்தக் கட்டுரையோடு படம் இல்லை.